எட்டுக் காடு, ஒரு மந்தை: செம்மறி ஆட்டுக்குச் சுற்றுமேய்ச்சல்

செம்மறி ஆடு வாங்கக் கடன் கோரி நம் சங்கங்களுக்கு வரும் மனுக்களில் எத்தனை பெட்டை, எத்தனை கிடா, என்ன விலை, யார் ஜாமீன் என்பனவெல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ஆடுகள் எதைத் தின்னும் என்பது மட்டும் எழுதப்படுவதில்லை. கேட்டால், “மேய்ச்சலுக்குத்தான் சார் போகும்” என்று விடை வருகிறது. மேய்ச்சல் என்பது எங்கேயோ, யாருக்கோ உரியதாய், என்றும் வற்றாமல் கிடக்கும் பொருள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் பதினொரு அங்கத்தினர்களுக்கு, ஆளுக்கு இருபது பெட்டையும் ஒரு கிடாவும் வாங்கப் புரட்டாசி மாதம் ஒரே வாரத்தில் கடன் வழங்கியிருந்தார்கள். இருநூற்று முப்பத்தொரு உருப்படிகளும் ஊருக்குக் கிழக்கே இருந்த ஒரே குளத்துப் புறம்போக்கில் இறங்கின. அங்கே ஊர் வெள்ளாடுகள் முன்னமே மேய்ந்துகொண்டிருந்தன. ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது, புல்லும் தளிர்த்தது. எல்லோரும் மகிழ்ந்தனர். கார்த்திகை கடைசியில் ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்கலாயிற்று. தை பிறக்குமுன் மூன்றில் ஒரு பங்கு மாண்டது. எஞ்சியவற்றைத் தவணை கட்டுவதற்காக விற்றனர். ஏனெனில் முதல் தவணை மூன்றாம் மாதமே வந்துவிட்டது. “கடன்தாரர்களின் கவனக்குறைவு” என்று ஆய்வறிக்கையில் எழுதியவன் நான்தான். அவ்வூர்க் கால்நடை மருத்துவர் செத்த ஆடு ஒன்றின் இரைப்பையைக் கீறிக் காட்டிய பிறகே, கவனக்குறைவு யாருடையது என்பது எனக்கு விளங்கிற்று. நூல் நூலாய்ச் சுருண்ட புழுக்கள் இரைப்பைச் சுவர் முழுதும் ஒட்டிக்கொண்டிருந்தன. புல்லைப் பற்றி ஒரு வரியும் கேளாமல் ஆட்டுக்குப் பணம் கொடுத்திருந்தோம்.

அந்தக் கணக்கை எழுதி முடித்த பின்னர் நான் கேட்டும் கண்டும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

சின்னாளப்பட்டியில் ஒரு நெசவாளர் கூட்டத்தில் செம்மறி வளர்ப்பைப் பற்றிப் பேசியபோது, “கம்பளி கிடைக்காத ஆட்டை வளர்த்து நெசவாளிக்கு என்ன லாபம்?” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் கோயமுத்தூர், நீலகிரி, திருச்சிக் கறுப்பு ஆகிய இனங்களுக்கே கம்பளி மயிர் உண்டு. மேச்சேரி, மெட்ராஸ் சிவப்பு, இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல் முதலிய பிற இனங்கள் எல்லாம் குட்டை மயிர் ஆடுகள். நம் திண்டுக்கல் சமவெளிக்கு வடக்கேயிருந்து மேச்சேரியும், தெற்கே வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து கச்சைக்கட்டிக் கறுப்பும் வந்து சேர்கின்றன. வெயில் எரிக்கும் நாட்டில் கம்பளி சுமப்பது ஆட்டுக்குப் பாரம்; மயிர் கத்தரிப்பது மனிதனுக்குச் செலவு. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த மைக்கேல் பீல் என்பவர் இதே கணக்கைப் போட்டுப் பார்த்து, 1957-ல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயிலிருந்து மூன்று மயிராடுகளை வரவழைத்தார். அவற்றைக் கம்பளி ஆடுகளோடு கலந்து ‘கட்டாடின்’ என்னும் இனத்தைப் பல்லாண்டு முயன்று உண்டாக்கினார். அவர் முயன்று பெற்றது நமக்கு முன்னோர் சொத்தாகவே இருக்கிறது. மேச்சேரி ஆட்டின் இறைச்சிக்கு நிகராக அதன் தோலுக்கும் பெயர் உண்டு. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பதை அங்கத்தினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரி இனத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் நடந்துவருகிறது.

ஆகவே, ஆடு நல்ல ஆடுதான். குறை புல்லில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், புல்லுக்கு நாம் கொடுக்கத் தவறும் ஓய்வில் இருக்கிறது.

ஓய்வு என்பது புதிய சொல்லன்று. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களிலும், அப்பால் மூலனூர், தாராபுரம், காங்கயம், அரவக்குறிச்சி வட்டாரங்களிலும் கொறங்காடு என்று ஒன்று உண்டு. சுற்றிலும் முட்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரம். வாயிலில் ஒரு படல். மூன்று நான்கு ஏக்கருக்கு ஒரு காடாகப் பிரித்திருப்பார்கள். கையில் பல காடு உடையவர் ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றை அடைத்துவைப்பார். மழைக்குப் பின் புல் தழைத்துக் கதிர் விட்டு விதை சிந்தும் வரை படலைத் திறக்கமாட்டார். கோடையில் புல் கருகியபோது வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலாக உழுது, இறுகிய மண்ணை இளக்கி, மீண்டும் புல்லுக்கு விடுவதும் உண்டு. காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்தக் காடுகளில் வளர்ந்தவையே.

இங்கே ஒரு சிறு செய்தி. காங்கயத்தையும் தாராபுரத்தையும் உள்ளடக்கிய அன்றைய கோயமுத்தூர் ஜில்லாவின் விவரநூலை 1887-ல் தொகுத்த எஃப். ஏ. நிக்கல்சன்தான், 1895-லும் 1897-லும் சென்னை மாகாணத்துக்கு விவசாய பாங்குகளைப் பற்றி அறிக்கை அளித்து, இந்நாட்டுக் கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்டவர். கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1904-ல் வந்தது. புன்செய்க் காட்டை நடந்து பார்த்த ஒருவர் கையால் நம் இயக்கம் தொடங்கிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாவதுண்டு.

இனி, புல்லின் இயல்பைப் பார்ப்போம். ஆடு புல்லைக் கடித்ததும், புல் தன் வேரிலும் அடித்தூரிலும் சேமித்து வைத்திருக்கும் சத்தைச் செலவிட்டுப் புதிய தளிர் விடுகிறது. அத்தளிர் வளர்ந்து வெயிலை வாங்கிய பிறகே செலவான சத்தை மீண்டும் வேருக்கு அனுப்ப முடியும். அதற்குமுன் ஆடு அத்தளிரைக் கடித்துவிட்டால் புல் இரண்டாம் முறையும் முதலில் கைவைக்கிறது. மூன்றாம் முறை முதல் தீர்ந்து தூர் சாகிறது. அந்த இடத்தில் ஆடு தொடாத செடிகளே எழும்பும். சங்கக் கணக்கு அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரான்சு நாட்டில் நார்மண்டியில் பண்ணை வைத்திருந்த ஆந்திரே வாசேன் என்பவர் 1957-ல் புல்லின் விளைச்சலைப் பற்றி எழுதிய நூலில் இரண்டு காலங்களைப் பிரித்துக் காட்டினார்: கால்நடை ஒரு வயலில் தங்கும் காலம், அவ்வயல் ஓய்வாய்க் கிடக்கும் காலம். தங்கும் காலம், கடிபட்ட புல் மறுபடி கடிபடாத அளவுக்குக் குறுகியதாய் இருக்க வேண்டும். ஓய்வுக் காலமோ புல் முழுதும் தேறும் அளவுக்கு நீண்டிருக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் அது மாறும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

இந்தக் கடைசிச் சொல்லை நாம் மறக்கலாகாது. நார்மண்டியில் பெய்யும் மழை வேறு. நம் மழை வேறு. வடகிழக்குப் பருவத்தில் ஈரமும் வெயிலும் கலந்த நாளில் கொழுக்கட்டைப் புல் முப்பது நாற்பது நாளில் தேறிவிடும். மாசிக்குப் பின் நூறு நாள் அடைத்துவைத்தாலும் ஓர் அங்குலம் வளராது. ஆகையால் நாட்காட்டியைப் பார்த்துப் படல் திறப்பது தவறு. புல்லைப் பார்த்துத் திறக்க வேண்டும். நான்கு விரற்கடை உயரம் மிஞ்சியிருக்கும்போதே அடைக்க வேண்டும். அதற்குக் கீழே மேயவிட்டால் புல்லுக்கு மட்டுமன்றி ஆட்டுக்கும் கேடு. அது எப்படி என்பதைச் சொல்கிறேன்.

இரைப்பைப் புழு இடும் முட்டை புழுக்கையோடு தரையில் விழுகிறது. ஈரமும் வெப்பமும் இருந்தால் ஐந்தாறு நாளில் அது தொற்றக்கூடிய இளம்புழுவாகிப் புல்மேல் ஏறுகிறது. அவ்வளவு சிறிய புழு உயர ஏற இயலாது. புல்லின் அடிப்பகுதியிலேயே மிகுதியாக இருக்கும். ஆகவே, ஒட்ட மேயும் ஆடே மிகுதியாகப் புழுவைத் தின்கிறது. ஐந்தாம் நாளுக்குள் மந்தையை அடுத்த காட்டுக்கு ஓட்டிவிட்டால், தான் போட்ட புழுவைத் தானே தின்பது பெரிதும் தடைபடும். விட்டுச் சென்ற காட்டில் இளம்புழு உணவின்றி மடிய வேண்டும். வெப்ப நாடுகளில் ஐந்து வாரத்துக்குள் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பசிபிக் மாக்கடலில் உள்ள டோங்கா தீவில் 1990-களில் வெள்ளாடுகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். பத்துக் காடு, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள், ஒரு சுற்றுக்கு முப்பத்தைந்து நாள். ஒரே இடத்தில் மேய்ந்த ஆடுகளைவிடச் சுற்றி மேய்ந்தவற்றுக்கு மிகக் குறைந்த தடவைகளே மருந்து தேவைப்பட்டது. குளிர்நாட்டுப் புல்வெளிகளில் இளம்புழு மாதக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். அங்கே ஐந்து வார ஓய்வு போதாது. இந்த ஒன்றில் நம் வெயில் நமக்குத் துணை.

நான் சொன்ன அந்தப் பதினொருவரின் குளத்துப் புறம்போக்கில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஈர மண், ஒட்ட மேய்ந்த புல், இரண்டு மாதமும் ஒரே இடம்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லா ஆட்டுக்கும் எல்லா மாதமும் ஒரே மருந்தை ஊற்றினால் அம்மருந்துக்கு மசியாத புழுக்களே மிஞ்சும். தென்னாப்பிரிக்காவில் கண்ட முறை ஒன்று எளியது. கீழ் இமையை விரலால் இழுத்து உட்புற நிறத்தைப் பார்ப்பது. செக்கச்சிவந்ததிலிருந்து வெளிறியது வரை ஐந்து படி. வெளிறிய ஆட்டுக்கே மருந்து. பதினைந்து நாளுக்கு ஒருமுறை இதைச் செய்ய ஒரு மந்தைக்கு அரை மணி போதும். துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் மழைக்கு முன்னரே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்வது தனிச் செய்தி. மழைக்குப் பின் எழும் தளிர்ப்புல்லில் பசித்த ஆட்டைத் திடீரென்று அவிழ்த்துவிடுவது துள்ளுமாரிக்கு வழி திறப்பதாகும். முதல் சில நாட்கள் சோளத்தட்டோ கடலைக்கொடியோ கொஞ்சம் தின்னக் கொடுத்துவிட்டு ஓட்டுக. வறட்சியில் வாடிய இளஞ்சோளத்திலும் அறுத்த தாளில் துளிர்த்த சோளத்திலும் நஞ்சு உண்டு. அங்கே ஆடு நுழையலாகாது.

இனிக் கணக்கு. இருபத்தைந்து கிலோ எடையுள்ள பெட்டை நாளொன்றுக்கு உலர்ந்த தீனிக் கணக்கில் முக்கால் கிலோவுக்கும் சற்று மிகுதியாகத் தின்னும். எண்ணூறு கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ முந்நூறு கிலோ. நம் மானாவாரிக் காட்டில் ஏக்கருக்கு ஒரு டன் உலர்புல் விளைந்தால் அது நல்ல ஆண்டு. அதிலும் பாதியைக் காட்டுக்கே விட்டுவிட வேண்டும். மிஞ்சும் ஐந்நூறு கிலோ ஒன்றரைப் பெட்டைக்குத்தான் காணும். நான்கு ஏக்கர் உடையவர் புல்லை மட்டும் நம்பி வைத்துக்கொள்ளத்தக்கவை ஆறு அல்லது ஏழு பெட்டைகள். நாம் கடன் கொடுப்பதோ இருபதுக்கு! மீதிப் பதின்மூன்றுக்குக் கடலைக்கொடி, சோளத்தட்டு, அகத்தி, வேலிமசால் என்று வேறு தீனி இருக்கிறதா என மனுவில் கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைச் சொன்னதும் பலர் மனம் தளர்கின்றனர். மேலும், நான்கு ஏக்கரை ஏழெட்டாகப் பிரித்துச் சுற்ற வேண்டுமென்றால் வேலிக்கே செலவு போய்விடும். உண்மை. நான்கு ஏக்கர்க்காரர் தனித்துச் சுற்றுமேய்ச்சல் செய்வது கடினம். கொறங்காடு நெடுநாள் நிலைத்ததற்குக் காரணம், அதை வைத்திருந்தவர்களில் பலருக்குக் காடுகள் பல இருந்தமையே. நம் அங்கத்தினருக்குக் காடு ஒன்று. ஆனால் அடுத்தடுத்துக் காடுடைய அங்கத்தினர் பலர் உண்டு. இங்கேதான் சங்கம் வருகிறது.

எட்டுப் பேர், ஆளுக்கு நான்கு ஏக்கர், மொத்தம் முப்பத்திரண்டு ஏக்கர். ஒவ்வொருவர் காடும் ஒரு மேய்ச்சல் வயல். மந்தை ஒன்று. ஒரு காட்டில் ஐந்து நாள். சுற்று முடிய நாற்பது நாள். ஒவ்வொரு காட்டுக்கும் முப்பத்தைந்து நாள் ஓய்வு. மேலே சொன்ன கணக்குப்படி ஐம்பதுக்குச் சற்று மேல் பெட்டைகள் தாங்கும். குட்டிகளும் தின்னுமாதலால் நாற்பத்தைந்தில் நிறுத்துவது நலம். உள்வேலி எதுவும் வேண்டாம். இருக்கும் வேலிகளைப் பழுதுபார்த்து எட்டுப் படல் போட்டால் போதும். கிளுவைப் போத்து நட்டு அடைய ஆண்டுகள் சில ஆகும். அதுவரை இடைவெளியில் வெட்டிய முள்ளைச் செருகலாம். இரவு பட்டி வலையை அன்றைய காட்டிலேயே இடம் மாற்றி மாற்றிக் கட்டினால், கிடை போடுவதற்கு நாம் பிறருக்குக் கொடுக்கும் கூலி நம் காட்டிலேயே எருவாகத் தங்கும். எட்டுப் பேரும் நாளும் ஆட்டுக்குப் பின்னே நடப்பதற்குப் பதிலாக ஒருவர் நடந்தால் போதும். மற்றவர் தறிக்கோ கூலிக்கோ போகலாம். நெசவுக் குடும்பங்களுக்கு இதுவே பெரிய ஆதாயம் என்பது என் கருத்து.

வேடசந்தூர்ப் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது, பின் வரிசையிலிருந்து மூதாட்டி ஒருவர் எழுந்தார். “ஏந் தம்பி, அடைமழை பெய்யுற அஞ்சு நாளும் எங் காட்டுல மந்தை நின்னா, சேத்துல மிதிபட்டுப் புல்லு போயிருமே. அதுக்கு யாரு ஈடு சொல்றது?” என்றார். என்னிடம் விடை இல்லை. கூட்டம் அரை மணி நேரம் அதையே பேசிற்று. முடிவில் அவர்களே ஒரு வழி கண்டனர்: அடைமழை நாட்களில் மந்தை எவர் காட்டிலும் இறங்காது, கல்லாங்குத்தான மேட்டு நிலத்தில் பட்டியடைத்து, எட்டுப் பேரும் சமமாய்ச் சேர்த்துவைத்த கடலைக்கொடியைப் போடுவது. சுற்று யார் காட்டில் தொடங்குவது என்பதைச் சீட்டுப் போட்டு ஆண்டுதோறும் மாற்றுவது. அவ்வம்மையார் கேட்ட கேள்வி சங்க விதிகளில் இடம்பெறத்தக்கது.

பிற தகராறுகளும் வரும். வாராதென்று சொல்வது பொய். செத்தது யார் ஆடு? ஒவ்வோர் ஆட்டுக்கும் எண்ணிட்ட காதணி போடுக. நல்ல கிடா யாருடையது? கிடா சங்கத்தின் பொது உடைமையாய் இருக்கட்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை வேற்று மந்தைக் கிடாவோடு மாற்றிக்கொண்டால் இரத்தக் கலப்பும் நெருங்காது. குடிநீருக்கு ஒருவர் கிணறு மட்டும் பயன்பட்டால் அவருக்கு மின்சாரச் செலவை மற்றவர் பகிர்ந்து கொடுக்க வேண்டும். ஒருவர் காட்டைவிட இன்னொருவர் காடு வளமாயிருந்தால் ஐந்து நாளை ஆறாகவும் நான்காகவும் கூட்டிக் குறைத்து, அதற்கேற்பப் பங்கையும் எழுதிக்கொள்ளலாம். நிலத்தை விற்க நினைப்பவரை மட்டும் தொடக்கத்திலேயே சேர்க்காதிருப்பது நல்லது. நெடுஞ்சாலை ஓரக் காடுகளில் கிளுவையைப் பிடுங்கி மனைக்கல் நடுவதை நாம் அன்றாடம் காண்கிறோம். எட்டில் ஒன்று போனால் ஓய்வில் ஐந்து நாள் போயிற்று.

நிர்வாக சபையினர்க்கு ஒரு வார்த்தை. பெட்டை சினைப்பட்டு ஈன ஐந்து மாதம். குட்டி விற்கும் பருவம் வர மேலும் நான்கைந்து மாதம். சினையில்லாத ஆடு வாங்கியவர் கையில் பத்து மாதத்துக்குமுன் பணம் வாராது. மூன்றாம் மாதம் தவணை கேட்டால் அவர் தாயாட்டை அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்கு ஓட்டுவதைத் தவிர வேறு என்ன செய்வார்? முதல் தவணையை ஓராண்டு கழித்தும், பின் தவணைகளைக் குட்டி விற்கும் பருவங்களை ஒட்டியும் வைக்க வேண்டும். கடனையும் இரண்டாகப் பிரித்து வழங்கலாம். முதற்பகுதி ஆடி ஆவணியில், வேலிக்கும் படலுக்கும் புல்விதைக்கும். ஏக்கருக்கு மூன்று கிலோ கொழுக்கட்டைப் புல்விதை போதும். அன்று பறித்த விதை சரியாய் முளைக்காது, ஆறேழு மாதம் இருந்த விதையை வாங்குக. அவ்வாண்டு மழையில் புல் எழுந்து விதை சிந்தியதை நேரில் பார்த்த பிறகே இரண்டாம் பகுதியை, ஆட்டுக்கு. மத்திய அரசின் 2018-19 வரவு செலவுத் திட்டத்தில் உழவர் கடன் அட்டை வசதி கால்நடை வளர்ப்போர்க்கும் விரிக்கப்பட்டதால், நடைமுறைச் செலவுக்குத் தனியே கடன் பெறவும் வழியுண்டு.

மனுவோடு இரண்டு தாள்களைச் சேர்த்து வாங்குமாறு நான் ஆய்வு செய்யும் சங்கங்களில் இப்போது சொல்லிவருகிறேன். ஒன்று, காடுகளையும் படல்களையும் தண்ணீர்த் தொட்டியையும் காட்டும் கைவரைபடம். மற்றொன்று, மந்தைக் கணக்கு. அதில் ஆறு கட்டங்கள்: எந்தக் காடு, நுழைந்த தேதி, வெளியேறிய தேதி, வெளியேறும்போது புல் உயரம் எத்தனை விரற்கடை, இமை வெளிறிய ஆடுகள் எத்தனை, அந்த வாரம் மழை பெய்ததா இல்லையா. எழுதத் தெரியாதவர் வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை எழுதலாம். அந்தப் பதினொருவரில் நால்வர் மீண்டும் மனுச் செய்திருக்கின்றனர். இம்முறை அவர்களோடு பக்கத்துக் காட்டுக்காரர் மூவர் சேர்ந்திருக்கின்றனர். எட்டாவது காட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.